கடைசிக் கல் விழும் வரை

அப்பா முதல் முறை தேர்தலில் நின்று தோற்றபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை நின்று ஜெயித்தபோது சென்னையில் பாலிடெக்னிக்கில் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் வீட்டை ஓட்டியது அம்மாவும் இரண்டு எருமைகளும். தேர்தலில் நிற்பதற்காக அப்பா பஞ்சாயத்துப் பள்ளி ஆசிரியர் வேலையை ராஜினாமா செய்திருந்தார். தோற்றவருக்கு அந்த வேலையைத் திருப்பித் தர வழியில்லை. அவர் கூட்டத்துக்குப் போனார், அம்மா பால் ஊற்றப் போனாள். அவர் ஜெயித்த அன்றும் அம்மா சாயங்காலப் பாலைக் கறந்து முடித்துவிட்டுத்தான், மாலையோடு வந்து நின்றவரைப் பார்க்க வாசலுக்கு வந்தாள்.

வீட்டில் அவரை நைனா என்று கூப்பிடுவோம். வேடந்தாங்கல் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகன். அவர் சட்டசபைக்குப் போவதில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இருந்த சந்தோஷத்தைவிட, கடற்கரைக் குப்பங்கள் தனக்கு ஓட்டுப் போட்டதில் அவருக்கு இருந்த ஆச்சரியம் பெரிது. அவர்கள் எங்கள் உறவு இல்லை, எங்கள் ஊர் இல்லை. "என் மூஞ்சிக்காக போடல, என் பேச்ச நம்பி போட்டாங்க" என்பார். அதனால் அவர்களிடம் சொன்ன சொல்லில் மட்டும் மயிரிழைகூட விலகக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். மற்ற இடங்களில் அரசியல்வாதி எப்படி விலகுவாரோ அப்படி அவரும் விலகுவார்.

செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கம் போகும் தெருவில் எங்கள் வீடு. காலையில் எழுந்தால் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்க வருவதை நான் ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிற மகனை விடச் சொல்ல வேண்டும். பட்டா மாற்ற வேண்டும். தங்கள் ஊரில் பஸ் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க வேண்டும். ஐந்தாவது, வேலை. இந்த ஐந்திலும் அடங்காத ஒருவர் வருவார். தன் மருமகள் தனக்குச் சோறு போடுவதில்லை, எம்.எல்.ஏ. வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பார். அப்பா அதற்கும் போய்விட்டு வந்தார். மருமகள் அப்பாவுக்கே சோறு போட்டு அனுப்பினாளாம்.

வேலை கேட்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்தபடியேதான் கேட்பார்கள். இவளுக்கு எங்கோ ஒரு நாற்காலி தயாராக இருக்கிறது, தங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்ற பார்வை அது. எனக்கு நாற்காலி எதுவும் இல்லை. சிவில் டிப்ளமோவை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வேறு வேலை. ஊர் ஊராகத் தலையைக் காட்ட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சாவு, கடை திறப்பு. எம்.எல்.ஏ. வரவில்லை என்றால் தாலி கட்டுவதைத் தள்ளிப்போடுவார்கள். நல்ல நேரம் முடிகிறது என்று ஐயர் கத்துவார். அப்பா சென்னையில் சட்டசபையில் இருக்கும் நாட்களில் அம்மாவையும் என்னையும் கட்சி ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். அம்மா ஒன்றிரண்டு முறை போனாள். பிறகு, "எருமைக்கு தண்ணி காட்டறதா, மாப்பிள்ளைக்கு தலைய காட்டறதா" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே நின்றுகொண்டாள். நான் மட்டும் போனேன். திருப்போரூரில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்த பெண்ணின் பாட்டனார், "எம்.எல்.ஏ. இன்னா இவ்ளோ சின்னதா கீறாரு?" என்று கேட்டார். பந்தல் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மணமக்களை வாழ்த்தி இரண்டு வாக்கியம் பேசினேன். அந்த இரண்டு வாக்கியத்தையும் எத்தனையோ பந்தல்களில் பேசியிருக்கிறேன்.

சட்டசபையில் அப்பா அதிகம் பேசியதில்லை. அவர் விடாமல் கேட்டது ஒரே கேள்வி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. கட்டுமரம் இழுத்துப்போட இடம் இல்லை. முதல் வரிசைக் குடிசைகள் போய்விட்டன. அங்கே கல் கொட்டிக் கரையைக் காப்பாற்ற அரசு முன்வருமா என்பது கேள்வி. முதல் முறை கேட்பதற்கு முன் பீரோ கண்ணாடி எதிரில் நின்று சொல்லிப் பார்த்தார். "மாண்புமிகு" என்று தொடங்கும்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து "இன்னா?" என்பாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தொடரிலும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த முறை, கேள்வியை எழுதிக்கொடுத்தவுடனேயே கல்லுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அவரது வாழ்க்கையில் முழுமையாக அவரே செய்த காரியம் என்று சொன்னால் அது இந்தக் கல்தான்.

அந்தக் குப்பத்து மணலில் வேலை தொடக்க விழா நடந்தது. ஷாமியானா, மைக், வாடகைக்கு எடுத்த நாற்காலிகள், பொறியாளர்கள், கான்ட்ராக்டர். நானும் போயிருந்தேன். குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். மெலிந்த, கறுத்த, குரல் பெரிய மனிதர். அவர் மைக்கைப் பிடித்ததும் நன்றி சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"கல்லு குடுத்ததுக்கு சந்தோசம்" என்றார். "ஆனா கல்லுன்னு சொல்லி ஜல்லிய கொட்டிட்டு போவான். மேல நாலு பெரிய கல்லு, உள்ள மண்ணு. நாங்க படிக்காதவங்க. எங்களுக்கு இன்னா தெரியும்? இத யாரு பாக்கறது?"

கான்ட்ராக்டர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்து மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு வாய் நிற்காது.

"என் பொண்ணு பாப்பா" என்றார். "இதுக்குன்னே படிச்சவ. ஒவ்வொரு லாரியும் அவ கண்ணுல பட்டுத்தான் கல்லு எறங்கும். கடைசிக் கல்லு விழுற வரைக்கும் அவ இந்தக் கரையை விட்டு எங்கயும் போக மாட்டா. இது நான் இந்தக் குப்பத்துக்குக் குடுக்கிற வார்த்தை."

கை தட்டினார்கள். என்னிடம் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். வேலை கற்றுக்கொள்ளலாம், ஜீப்பில் கல்யாணத்துக்குப் போக வேண்டியதில்லை. விழா முடிந்து எல்லா விருந்தினருக்கும் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது நாட்டார் ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலையைப் பரப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். தட்டு அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது. அப்பா தொட்டு என் பக்கம் தள்ளினார், நான் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மரியாதைக்காக நிறுத்துகிறார்கள் என்று நினைத்து, வணக்கம் சொல்லி, வெற்றிலையைக் கைப்பையில் வைத்தேன்.

திரும்பும்போது ஜீப் ஓட்டியவர் அந்தக் கடற்கரைக்காரர். கட்சியில் எல்லாருக்கும் அவர் அண்ணாத்த.

"இன்னாம்மா, வாங்கிட்ட?" என்றார்.

"குடுத்தாங்க, வாங்கினேன்."

"அது வார்த்த வெத்தலம்மா. குப்பம் பூரா பாக்க வாங்கினா அது கட்டு. அவங்களா கூட்டம் போட்டு, தட்ட திருப்பி வெச்சு, வார்த்த குடுத்தவரு அதுல இருந்து எடுத்தாத்தான் கட்டு அவுரும். பொண்ணு நிச்சயம்கூட இவ்ளோ கெட்டி கெடயாது."

முன் இருக்கையில் அப்பா திரும்பாமலே, "வேல முடிஞ்சா தானா அவுந்துடும், அதுக்கின்னா இப்போ?" என்றார். அவருக்கு அந்த வழக்கம் தெரியும். தெரிந்தேதான் தொட்டிருந்தார். எனக்கும் அப்போது பயமில்லை. ஒப்பந்தப்படி வேலை முடிய வேண்டிய காலம் எனக்குத் தெரியும். எந்த வேலைக்கும் ஒரு முடிவு நாள் உண்டு என்று படித்து வந்தவள் நான்.

சில மாதங்கள் நன்றாகவே போயின. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போவேன். லாரி வந்ததும் பார்க்க வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கல்லின் அளவு, உடைந்த முகம் புதிதா பழையதா, வெடிப்பு இருக்கிறதா, அடியில் போட வேண்டியது மேலே வருகிறதா. இரண்டு லாரிகளைத் திருப்பி அனுப்பினேன். கான்ட்ராக்டரின் மேஸ்திரி என்னைக் கண்டதும், "கல்லுக்கு ஜாதகம் பாக்கற அம்மா வந்துகினு கீது" என்று குரல் கொடுப்பார். மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு என்னோடு பேசுவார்கள். அதில் ஒருத்தி, அகலமான மூக்குத்தி போட்டவள், தினமும் ஒரே கேள்வி கேட்பாள். "இன்னா எஞ்சினியரம்மா, கல்லுக்கு சம்பளம் உண்டு, லாரிக்கு சம்பளம் உண்டு, உனுக்கு?" எனக்கு இல்லை. நான் யாருக்கும் வேலை செய்யவில்லை. எம்.எல்.ஏ.வின் வார்த்தையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

கல் பாதிக்கும் குறைவாக விழுந்திருந்தபோது சட்டசபையைக் கலைத்துவிட்டார்கள். வானொலியில்தான் கேட்டோம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த நாட்களில் எங்கள் கட்சிக்காரர்கள் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அம்மா அவருக்கு ஒரு துணிப்பையில் வேட்டி, துண்டு, பல்பொடி எல்லாம் எடுத்து வைத்தாள். பை வாசல் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கியது. அவரைத் தேடி யாரும் வரவில்லை. தன்னைப் பிடிக்கும் அளவுக்குக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து அம்மா பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கியபோது பார்க்காத மாதிரி இருந்தார்.

லாரிகள் நின்றன. எல்லா வேலைகளையும் மறுபரிசீலனை செய்வதாகப் பொறியாளர்கள் சொன்னார்கள். கான்ட்ராக்டர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொட்டிய கல் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றது.

வாசலில் ஆட்கள் குறைந்தார்கள். முதலில் வேலை கேட்பவர்கள் நின்றார்கள், பிறகு பட்டா, பிறகு பஸ். தெருவில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் "மாஜி வூடா?" என்றார்கள். அப்பா காலையில் குளித்து, கரை வேட்டி கட்டி, பிரம்பு நாற்காலியில் உட்காருவார். அம்மா கட்சிக்காரர்கள் இருக்கும்போது அவரை வாங்க போங்க என்பாள், இல்லாதபோது வாய்யா போய்யா என்பாள். இப்போது அநேகமாக நாள் முழுக்க வாய்யா போய்யாதான். சாவு என்றால் மட்டும் அவர் எங்கிருந்தாலும் போய்விடுவார். ஜீப் கிடையாது, பஸ்ஸில் போவார். கடற்கரையில் ஒரு சாவையும் விட்டதில்லை.

நான் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் கல் விழும் வரை கரையை விட்டுப் போக மாட்டேன் என்பது வார்த்தை. கல்லோ வருவதாக இல்லை. முடிவு நாள் இல்லாத வேலையில், வேலையும் இல்லாமல், மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே மேற்கே ஒரு அணைக்கட்டு வேலையில் வரைவாளராகச் சேரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. சிபாரிசு இல்லாமல், பதிவு வரிசைப்படி வந்தது. அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார்.

"நல்ல வேலதான்" என்றார். "கல்லு முடியட்டும்."

"கல்லு எப்ப வரும் நைனா?"

"தேர்தல் வந்தா நான் திரும்ப வருவேன். நான் வந்தா கல்லு வரும்."

"தேர்தல் எப்ப?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீட்டு போச்சு. சொன்ன சொல்லும் போகணுமா? நாளைக்கி அந்தக் குப்பத்துல ஒரு சாவுன்னா எந்த மூஞ்சியோட போய் நிப்பேன், சொல்லு."

உத்தரவை மடித்து எடுத்துக்கொண்டேன். அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று தெரிந்தது. அதுவாக இருந்தது நான் என்பதும் தெரிந்தது. சேர வேண்டிய கடைசி நாள் வந்தது. அன்றைக்கு எருமைக் கொட்டகையின் அளவுகளை எடுத்து, அதை மாற்றிக் கட்டுவதற்கு ஒரு வரைபடம் போட்டேன். பென்சில் பிடித்து நாளாகியிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எரும ரெண்டும் எங்க கீது இதுல?" என்று கேட்டாள்.

பிறகு தேர்தல் வந்தது. கட்சி அப்பாவுக்கு இடம் கொடுக்கவில்லை. வேறொருவர் நின்றார், அவரும் தோற்றார். அப்பா அப்போதும் கல் வரும் என்றார். யார் மூலமாக என்று சொல்லவில்லை.

இரண்டாவது உத்தரவு அதன் பின் வந்தது. அதே அணைக்கட்டு, அதே வேலை. மூன்றாவது முறை என் பெயர் வரிசையில் வராது என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர் தெளிவாகச் சொன்னார். இம்முறை அப்பாவிடம் காட்டவில்லை. வழிகளை யோசித்தேன். சொல்லாமல் போய்விடலாம். போனால் அடுத்த சாவுக்கு அவர் போக முடியாது, வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். அவரைக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரியும். மூன்றாவது வழி, கட்டியவர்களையே போய்க் கேட்பது. குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

மதியத்துக்கு மேல். கட்டுமரங்கள் வந்து சேர்ந்து, வலை உதறி முடித்து, ஆண்கள் அம்மன் கோயில் எதிரே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். குடிசைகளின் வரிசை நான் கடைசியாகப் பார்த்ததைவிடப் பின்னால் இருந்தது. மீன்காரப் பெண்கள் ஒரு பக்கம் கூடைகளோடு. மூக்குத்திக்காரி என்னைப் பார்த்ததும், "தோ வருது பார், கல்லு கொண்டாந்தியாம்மா?" என்றாள். நான் இல்லை என்று தலையசைத்துவிட்டு நாட்டார் எதிரில் போய் நின்றேன்.

"உக்காரு தங்கச்சி. இன்னா விசயம்?"

"வார்த்தையத் திருப்பிக் குடுக்கணும்னு கேட்க வந்தேன்."

பின்னாலிருந்து மூக்குத்திக்காரி, "வார்த்த இன்னா அண்டாவா, எரவல் வாங்கிட்டு திருப்பி குடுக்க?" என்றாள். ஆண்கள்கூடச் சிரித்தார்கள். ஒரு இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. "கடலு எங்க வூட்ட எடுத்துக்கினு போய்ட்டு கீது. இவங்க வெத்தல கேட்டுக்கினு வராங்க" என்றான்.

உட்கார்ந்தேன். வேலை உத்தரவைப் பற்றிச் சொன்னேன். கல் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்றேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாட்டார் மணலை ஒரு கையால் தடவிச் சமமாக்கிக்கொண்டிருந்தார். "உங்க நைனா ஒண்ணும் சொல்லலியா உனுக்கு?" என்றார்.

"எதை?"

"அதான பார்த்தேன்." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சபைய கலைச்சாங்களே, அப்பவே நாங்க கூட்டம் போட்டுட்டோம் தங்கச்சி. படிச்ச பொண்ண கட்டிப் போட்டு எங்களுக்கு இன்னா ஆவப் போவுது? ஒரு சாவுக்கு வந்தாரு, வந்த எடத்துலயே உக்கார வெச்சு தட்ட வெச்சோம். எடுத்துக்க தலைவரே, உங்க மேல தப்பு இல்லன்னோம். தொடல."

"தொடலியா?"

"அப்பால இன்னொரு தபா வெச்சோம். தேர்தல்ல சீட்டு குடுக்கலன்னு தெரிஞ்சதும். அப்பவும் தொடல. எழுந்து போய்ட்டாரு. எடுத்தா நான் முடிஞ்சேன்னு அர்த்தம்ன்றாரு. நாங்க இன்னா, வாயில ஊட்ட முடியுமா?"

கதவு இத்தனை நாளும் அந்தப் பக்கம் திறந்தே இருந்திருக்கிறது. முதல் உத்தரவு வந்த நாளிலும் திறந்துதான் இருந்தது. என்னை வைத்திருந்தது குப்பம் இல்லை.

"நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

"நீ எடுக்க முடியாது தங்கச்சி. நீதான் பொருளு." எரிச்சல் இல்லாமல், விதியைச் சொல்லும் குரலில் சொன்னார். "அவரு எடுக்கணும். இல்ல அந்த வூட்டு பெரியவங்க யாராவது, அவரு எதிர்ல எடுக்கணும். அதான் மொற."

அந்த வீட்டுப் பெரியவர்களை மனதில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். தாத்தா இல்லை. பெரியப்பா இல்லை. சித்தப்பா அப்பாவுக்குச் சின்னவர். வேறு யாரும் இல்லை என்று முடிவு செய்தேன்.

நாட்டார் ஆளை அனுப்பி அதே பித்தளைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து, தட்டைத் துண்டால் மூடி என்னிடம் நீட்டினார். "நீயே எடுத்துக்கினு போ. எங்களுக்கு வெச்சி வெச்சி அலுத்துப் போச்சு." மூக்குத்திக்காரி பஸ் வரைக்கும் கூட வந்தாள். "எடுக்கலன்னா மூஞ்சில அப்பிட்டு ஓடிடு" என்று சொல்லி ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தட்டை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்து, துண்டை எடுத்தேன். அவர் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை.

"ரெண்டு தபா வெச்சாங்களாமே நைனா."

"அவங்களுக்கு அவசரம்."

"அவங்களுக்கு இல்ல. எனக்குத்தான் அவசரம்." இரண்டாவது உத்தரவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அப்பா அதை எடுத்துப் படித்தார். பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "இத எடுத்தா நான் யாரு? வாத்தியாரும் இல்ல. எம்.எல்.ஏ.வும் இல்ல. அந்தக் கரையில எனக்கு இன்னா வேல?"

கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். எனக்கு வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்தக் கரைக்குப் போய் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் செங்கல்பட்டில் உட்கார்ந்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

தட்டு அங்கேயே இருந்தது. அம்மா வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தாள். மறுநாளும் தெளித்தாள். நான் டிரங்குப் பெட்டியை எடுத்து, துணி அடுக்கினேன். வரைபடக் கருவிகள், சான்றிதழ்கள், இரண்டு போர்வை, அணைக்கட்டுப் பக்கம் குளிரும் என்பதால் ஒரு ஸ்வெட்டர். மூடினேன். மறுபடி திறந்து ஸ்வெட்டரை வெளியே எடுத்தேன். போகப் போவதில்லை என்று தோன்றிய நேரங்களில் அதை எடுத்து வெளியே வைப்பதும், பிறகு உள்ளே வைப்பதுமாக இருந்தேன். சேர இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அப்பா பேப்பர் படித்தார். பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார், மேசை தெரியாதபடி.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, அம்மா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையிலிருந்து தட்டை எடுத்தாள். அப்பாவின் நாற்காலி எதிரே தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வெற்றிலையை எடுத்துப் புடவையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவினாள்.

பேப்பர் இறங்கியது. "ஏய். அது இன்னா தெரியுமா?"

"தெரியும். வார்த்த வெத்தல."

"தொடாத. அது பெரியவங்க எடுக்கறது."

"இன்னாயா, அப்போ நான் யாரு இந்த வூட்ல?" மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "வாத்தியார் வேலைய நீ எழுதிக் குடுத்துட்டு வந்தப்ப என்ன கேட்டியா? அப்பறம் யாரு பெரியவங்களா நின்னு வூட்ட ஓட்டனாங்க? எரும ஓட்டுச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் நாட்டார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவரோ, அவர் எதிரில் வீட்டுப் பெரியவர்களோ. அதைச் சொல்லும்போதுதான் எனக்கும் உறைத்தது. வீட்டுப் பெரியவர்களை அடுக்கிப் பார்த்தபோது நான் அம்மாவைச் சேர்க்கவேயில்லை.

அம்மா மென்றாள். அவசரப்படவில்லை. "சாவுக்கு போறதுக்கு எம்.எல்.ஏ.வா இருக்கணுமா? எங்க ஊரு சாவுக்கு மேளக்காரன்கூட தான் வரான். போய்யா. போய் நின்னா வேணான்னா சொல்லப் போறாங்க?"

அவர் பேப்பரை நான்காக மடித்து மேசையில் வைத்தார். வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள், வாசல் பக்கம் பார்த்தார். வந்தவர் யாருமில்லை. அம்மாவின் உதட்டோரம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"பாக்கு வெக்காம தின்றியே, நாக்கு வெந்துடும்" என்றார்.

"வெந்தா வேவட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணு மடி" என்றார்.

"கையாலயே எடுத்துக்க" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நான் அறையை விட்டுப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அவர் குனிந்து எடுத்தார். எதையோ தேடுகிறவர் போல ஒவ்வொரு இலையாகப் புரட்டிவிட்டு, ஓரத்தில் இருந்த சிறிய இலையை எடுத்தார். பாக்கு வைத்தார், சுண்ணாம்பு வைத்தார். வாயில் போட்டு மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். மென்று முடித்து, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்ததும், "தட்ட நான் கொண்டுபோய் குடுத்துட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம், "ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா?" என்றார்.

நான் கிளம்பிய காலையில் அவரும் கிளம்பினார். எங்கள் ஊரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். பெட்டியை அம்மா தூக்கி வந்தாள், என்னைத் தொட விடவில்லை. அப்பா பித்தளைத் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். கரை வேட்டி கட்டாமல் சாதா வேட்டி கட்டியிருந்தார். மாமல்லபுரம் பஸ் தயாராக நின்றது. ஏறும் முன் அப்பா என் பக்கம் திரும்பி, "கல்ல பாத்து வாங்கு, அங்கயும் ஜல்லிதான் கொட்டுவானுங்க" என்றார். நான் வரைவாளர், கல் வாங்குவது என் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சரி நைனா என்றேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அவரை அடையாளம் கண்டு, டிக்கெட் வேண்டாம் என்று கையால் காட்டுவது தெரிந்தது. அப்பா பையில் கைவிட்டுச் சில்லறையை எடுத்துக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பியது.